விமானம் வராமல் இட்லி வராது

கீழ்மணற்குடி விமான நிலையத்துக்குள் முந்திரி மக்ரூன் என்கிற இனிப்பை விற்கிற கடை என்னுடையது. விமானம் ஏறப் போகிறவர்களுக்குக் கடைசி நிமிஷத்தில்தான் என் கடை ஞாபகம் வரும். மற்ற நேரமெல்லாம் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே என் தொழில். எதிர்க்கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் டிபன் கடை. ஆகவே இந்தக் கதையில் நான் கேள்விப்பட்டது கொஞ்சம், கண்ணால் பார்த்தது அதிகம்.

அண்ணாச்சி கடை இட்லிக்கு நல்ல பேர். சங்கடமே அதுதான். சோதனை முடிந்து உள்ளே வருகிற சனம் நேராக அங்கே போய் நிற்கும். வரிசை என் கடையை மறைத்து, கழிவறை வாசலைச் சுற்றிக்கொண்டு, விமானம் ஏறுகிற கேட் வரைக்கும் போகும். கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாப்பிள்ளை, சென்னையில் தன்னுடைய நிச்சயதார்த்தத்துக்கே கிளம்பி வந்தவர், வடைக்கு நின்று விமானத்தை விட்டுவிட்டார். பெண் வீட்டார் போன் போட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவற்றைக் கேட்டுக்கொண்டவர் நிலைய மேனேஜர் செசிலியா மேடம். மறுநாள் அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தான் நேரில் வந்து பார்க்கும்போது வரிசை இருந்தால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடப்போவதாகத் தணிந்த குரலில் சொன்னார். மேடம் குரல் தணிந்தால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இருந்த இடத்திலிருந்தே பயணிகள் போனில் ஆர்டர் போட ஒரு ஆப் செய்துவிட்டால் வரிசையே இருக்காது என்று யாரோ யோசனை சொன்னார்கள். அண்ணாச்சி அதை ஆப்பு என்றுதான் சொல்வார். பின்னால் யோசித்துப் பார்த்தால் அவர் உச்சரிப்பில் தப்பில்லை.

யாரிடம் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அண்ணாச்சி சம்சாரத்தின் தம்பி ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தையல் கடை மாடியில், ஆப் செய்கிற கம்பெனி வைத்திருந்தார். தம்பியை விட்டு வேறு ஆளிடம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தகவல் வந்துவிட்டது. ஊருக்கே டிபன் போடுகிறவர் தன் வீட்டில் பட்டினி கிடக்க முடியுமா.

ஆவுடையப்பனோடு கம்பெனியில் இன்னும் மூன்று பேர்: இசக்கிதுரை, கிருபாகரன், உலகம்மை. நால்வரும் என்ஜினியரிங் படித்தவர்கள். சான்றிதழ்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், நேராகத்தான் மாட்டியிருக்கிறார்கள். நால்வருக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. சொன்னதை அப்படியே செய்வார்கள். இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் எல்லோரும் அவர்களிடம் வேலை கொடுப்பது.

உதாரணத்துக்கு, ஒரு டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்கு ஆப் கேட்டார். முன்பதிவு செய்த நோயாளிக்கு முந்தின நாளே ஞாபகப்படுத்தச் சொன்னார். இவர்கள் ஞாபகப்படுத்தினார்கள். 'நீங்கள் ஒரு நோயாளி என்பதை ஞாபகப்படுத்துகிறோம்' என்று ஒவ்வொருவர் போனுக்கும் செய்தி போனது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவர்கள் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். மீதிப் பேர் வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி நால்வரையும் கடையின் மூலை மேசையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்கோ. முதல்ல நீங்க பயணி இடத்துல இருந்து யோசிக்கணும். அவன் அவசரத்துல இருப்பான். அதனால கண்ணை மூடிட்டு ஆர்டர் போடுத மாதிரி இருக்கணும். அப்புறம் விமானத்துக்கும் இட்லிக்கும் ஒரு முடிச்சுப் போடு. விமானம் லேட்டுன்னா இட்லியும் லேட்டாத்தான் வரணும். முன்னாடியே கொடுத்தா ஆறிப்போவும். கடைசியா ஒண்ணு. மேடம் வரும்போது வரிசை நிக்கவே கூடாது."

உலகம்மை ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அபார ஞாபகசக்தி. நாலு பேர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. உள்ளே வந்துபோக அண்ணாச்சி நால்வருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். இசக்கிதுரை இரண்டாம் கேட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முன்னால் பணிவாக நின்றார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிக்கீங்களா? நான் உங்க இடத்துல இருந்து யோசிக்கணும்."

பையனுக்குத் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்துப் பெரியவர் எழுந்தார். இசக்கிதுரை உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து யோசித்தார். பெரியவர் நின்றார். யோசனை நீண்டது. பெரியவர் கால் மாற்றி நின்றார். கடைசியில் பெரியவர் இடத்தைத் திருப்பிக் கேட்ட விதத்திலேயே இசக்கிதுரை எழுந்து வந்துவிட்டார்.

அன்று மத்தியானம் நால்வரும் கூடிப் பேசினார்கள். பயணி இடத்தில் இருந்து யோசித்தால் என்ன தெரிகிறது என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"எதிர்ல ஒருத்தர் கோவமா நிக்காரு. வேற ஒண்ணும் தெரியல" என்றார் இசக்கிதுரை.

"அப்ப பயணிகளுக்கு இருக்கிற பெரிய பிரச்சினை அதுதான்" என்றார் கிருபாகரன். இத்தனை நாள் ஒருவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று உலகம்மை வருத்தப்பட்டார். ஆகவே ஆப்பைத் திறந்ததும் வருகிற முதல் கேள்வி இப்படி அமைந்தது: 'உங்கள் எதிரில் யாராவது கோபமாக நிற்கிறார்களா? ஆம். இல்லை.' இதற்குப் பதில் சொன்னால்தான் இட்லிப் பக்கம் போக முடியும்.

கண்ணை மூடுகிற விஷயம்தான் அவர்களை ரொம்பப் படுத்தியது. ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்று பெரிய விவாதம் நடந்தது. அண்ணாச்சி 'கண்ணை' என்றாரே தவிர 'கண்களை' என்று சொல்லவில்லை என்பதை உலகம்மை எடுத்துக்காட்டினார். ஒரு கண்ணை மட்டும் மூடினால் பக்கத்தில் இருக்கிற பெண்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று கிருபாகரன் பயப்பட்டார். அவருக்கு அதில் முன் அனுபவம் இருந்திருக்க வேண்டும். கடைசியில் இரண்டு கண் என்று தீர்மானமாயிற்று. போனிலிருக்கும் கேமரா பயணியின் முகத்தைப் பார்க்கும். கண் மூடியிருந்தால்தான் ஆர்டர் ஏறும். திறந்திருந்தால் ஏறாது.

முதல் பரிசோதனையில் கிருபாகரன் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அவர் சிமிட்டச் சிமிட்ட ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு வடை என்று ஏறி, அண்ணாச்சி கடை சமையல்காரர் ஒரு அண்டா உளுந்தை ஆட்டி முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று விமான நிலையத்தில் துடைக்கிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள், துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வடை தின்றார்கள். நானும்தான்.

பிறகு அதைத் திருத்தினார்கள். சிமிட்டினால் போதாது, கண்ணை மூடி மூடியபடியே வைத்திருக்க வேண்டும். போன் ஒவ்வொரு பதார்த்தமாக ஆவுடையப்பன் குரலில் சொல்லிக்கொண்டு வரும். வேண்டாத பதார்த்தத்துக்குக் கண்ணைத் திறந்து மூட வேண்டும். வேண்டுமென்றால் சும்மா இருந்தால் போதும். கண்ணைத் திறக்காமல் இருக்கிற வேலையைவிட லேசான வேலை உலகத்தில் உண்டா என்று ஆவுடையப்பன் என்னிடமே கேட்டார்.

மேடம் பார்வையிட வருகிற நாள் வந்தது. காலையில் ஹைதராபாத் விமானம் ஒன்று, சென்னை விமானம் ஒன்று. கூட்டமென்றால் கூட்டம். அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி, மேடத்தை வரவேற்க வாசல் பக்கம் போய்விட்டார். போகும்போது கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். கடை போனால் அந்த வயதில் அவர் வேறு எங்கே போய் அடுப்புப் பற்றவைப்பார்.

நால்வரும் பயணிகளிடம் போய் ஒவ்வொருவருக்கும் ஆப்பைப் போனில் ஏற்றிக்கொடுத்து, எப்படி ஆர்டர் போடுவது என்று விளக்கினார்கள். நம் மக்கள் நல்லவர்கள். இட்லி கிடைக்கும் என்றால் எதையும் செய்வார்கள். கொஞ்ச நேரத்தில் காத்திருப்புக் கூடம் முழுக்கப் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பேச்சு மூச்சு இல்லை. ஆவுடையப்பன் குரல் மட்டும் பல திசைகளிலிருந்தும் மெதுவாக, வெண்பொங்கல், ரவா தோசை, என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் மார்த்தாண்டத்து ரப்பர் வியாபாரி ஒருவர் இருந்தார். பேர் பொன்னையன். ஹைதராபாத் போகிறவர். கண்ணை மூடினார், அப்படியே தூங்கிவிட்டார். போன் மடியில் அவர் முகத்தைப் பார்த்தபடி கிடந்தது. அது ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கடையில் உள்ள அத்தனை பதார்த்தமும் அவர் பேரில் ஏறிற்று.

ஹைதராபாத் விமானம் சரியான நேரத்துக்கு வருவதாக இருந்தது. ஆகவே அவர் சாப்பாடும் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. இட்லி, பொங்கல், பூரி, தோசை வகைகள், கேசரி, சுண்டல், உளுந்தங்களி எல்லாம் வாழையிலை போட்டு அவரைச் சுற்றிப் பரப்பப்பட்டன. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் கை மடியில் கோத்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு அமைதி.

மேடம் உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்தான். பின்னாலேயே அண்ணாச்சி.

மேடம் பார்த்தது என்னவென்றால், கூடமே கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒருவர் அசையாமல் இருக்கிறார். அவர் முன்னால் படையல் போட்டிருக்கிறது. மேடம் சட்டென்று நின்று, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கோத்துத் தலை குனிந்தார். அவரோடு வந்த அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றினார்கள். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பொன்னையன் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். முன்னால் படையலைப் பார்த்தார். சுற்றிலும் கண்ணை மூடி இருந்தவர்களைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற மேடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போயிற்று.

"எப்ப நடந்துச்சு?" என்று மேடத்திடம் ரகசியமாகக் கேட்டார்.

"எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார் மேடம், தலையை நிமிர்த்தாமல்.

பொன்னையன் பெருமூச்சு விட்டார். வீட்டுக்குச் சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டார். மேடம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இவர் இல்லையென்றால் யார் இறந்தது என்று விசாரித்துவர வேகமாக அலுவலகத்துக்குப் போனார். அண்ணாச்சியும் கூடவே ஓடினார். பொன்னையன் இனி எதுவானாலும் பசியோடு போக வேண்டாம் என்று கேசரியில் ஆரம்பித்தார்.

இது இப்படி இருக்க, சென்னை விமானம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சென்னையில் மூடுபனி. விமானம் அங்கிருந்தே கிளம்பவில்லை. எப்போது கிளம்பும் என்று தெரியாது. போட்ட முடிச்சின்படி, சென்னைக்குப் போகிறவர்களின் இட்லியும் அந்த நிமிஷமே நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் எழுந்து கடை முன்னால் வந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இட்லி ஆவி பறந்தபடி அடுக்கியிருந்தது. முதல் ஆளாக நின்றவர் ஞானசௌந்தரி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மகள் பிரசவத்துக்குப் போகிறார். சர்க்கரை உடம்பு. காலை மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு, இங்கே வந்து சாப்பிடலாம் என்று கிளம்பியவர். அவர் கை லேசாக நடுங்குவதைப் பார்த்து நான் ஒரு மக்ரூனை நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ஆனால் கண்ணை இட்லியிலிருந்து எடுக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இசக்கிதுரை நின்றார்.

"தம்பி, என் இட்லி எங்க?"

"உங்க விமானம் இன்னும் கிளம்பல டீச்சர். இட்லி எப்படிக் கிளம்பும்?"

"விமானம் சென்னையில நிக்குது. இட்லி இங்க நிக்குது."

"அதைத்தான் டீச்சர் நானும் சொல்லுதேன். ரெண்டும் நிக்குது."

டீச்சர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். வகுப்பில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கிருபாகரன் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். ஹைதராபாத் விமானத்துக்கு இட்லி தாராளமாகக் கிடைக்கிறது. டீச்சர் ஹைதராபாத் போவதென்றால் உடனே கொடுத்துவிடலாம்.

"இட்லி சாப்பிட நான் ஹைதராபாத் போகணுமா?"

"சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்துரலாம் டீச்சர்."

பின்னால் நின்ற ஒரு ஆள் ஹைதராபாத்துக்கு டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கப் போய்விட்டார். மீதிப் பேர் நின்றார்கள். வரிசை என் கடையைத் தாண்டி, கழிவறையைச் சுற்றி வளர்ந்தது. அந்த நேரத்தில் அண்ணாச்சி அலுவலகத்திலிருந்து போன் போட்டார். யாரும் சாகவில்லை என்று மேடத்துக்குப் புரியவைத்தாயிற்று, திரும்பவும் வரப்போகிறார், வரிசை நிற்கக் கூடாது என்று படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நால்வரும் வரிசையைப் பார்த்தார்கள். அது நின்றுகொண்டுதான் இருந்தது.

"நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு" என்று உலகம்மை நினைவுபடுத்தினார். உடனே நால்வரும் ஓடி ஓடி எல்லோரையும் கெஞ்சி, நின்ற இடத்திலேயே தரையில் உட்காரவைத்தார்கள். கால் வலித்தவர்கள் சந்தோஷமாக உட்கார்ந்தார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் மக்களை வரிசையாகத் தரையில் உட்காரவைத்தால் அதற்குப் பேர் பந்தி. உட்கார்ந்ததும் எல்லோருக்கும் கை தானாக முன்னால் நீண்டு, இலை எங்கே என்று தேடியது. இலை வரவில்லை. நின்றபோது பொறுமையாக இருந்தவர்களுக்கு உட்கார்ந்த பிறகு கோபம் வந்துவிட்டது. பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடாமல் அவமானப்படுத்துகிறார்கள் என்று ஒரு வயசாளி கண் கலங்கினார். தன் மாமனார் வீட்டில்கூட இப்படி நடக்கவில்லை என்றார்.

ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அத்தானுக்குப் போன் போட்டு, முடிச்சுப் போட்டதால் இட்லி கொடுக்க முடியவில்லை என்றும், ஞானசௌந்தரி டீச்சருக்குக் கை நடுங்குகிறது என்றும் சொன்னார். மறுமுனையில் அண்ணாச்சி மேடம் காதில் விழாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பாவிகளா. அந்த முடிச்சைத் திருப்பிப் போட்டுத் தொலைங்க. முதல்ல அவங்களுக்கு இலையைப் போடுங்க."

இலையைப் போட்டார்கள். அது நல்லபடியாக நடந்தது. டீச்சருக்கு முதல் இட்லி. இரண்டாவது இட்லியில் அவர் கை நடுக்கம் நின்றது. நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். முடிச்சைத் திருப்பிப் போடுவது பற்றி நால்வரும் மூலை மேசையில் கூடிப் பேசினார்கள்.

"இப்ப இட்லி விமானத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. திருப்பிப் போட்டா?" என்றார் ஆவுடையப்பன்.

"விமானம் இட்லிக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்" என்றார் உலகம்மை.

அண்ணாச்சி இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றியது. சற்று நேரத்தில் பந்தியில் இருந்த ஒவ்வொருவர் போனுக்கும் ஒரு செய்தி வந்தது: 'நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உங்கள் விமானம் புறப்படும். நிதானமாகச் சாப்பிடவும்.'

அந்தச் செய்தியை ஒருவரும் சந்தேகப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அவர்கள் கேட்க ஆசைப்பட்ட செய்தி அது. எல்லோரும் சம்மணத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். தோசைக்கு இன்னொரு சட்னி கேட்டார்கள். பக்கத்து இலைக்காரரின் ஊர், சொந்தக்காரர்கள் எல்லாம் விசாரித்தார்கள். கண் கலங்கின வயசாளி தன் மாமனாரை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். கழிவறை வரைக்கும் நீண்டிருந்த பந்தியில் ஒரே சிரிப்பும் பேச்சும்.

இதற்குள் மூடுபனி விலகி, சென்னை விமானம் கிளம்பி, வந்து இறங்கியும்விட்டது. கேட்டில் இருந்த பெண் மைக்கில் பயணிகளைக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். "இந்தா வாரேன், காபி வரட்டும்" என்று பந்தியிலிருந்து பதில் போனது. அந்தப் பெண் நேரில் வந்து, விமானம் தயாராக நிற்கிறது என்றார். நிற்கட்டும் என்று சொல்லி, போனில் வந்த செய்தியைக் காட்டினார்கள்.

கடைசியில் விமானியே இறங்கி வந்தார். உயரமான, அமைதியான மனிதர். கிருபாகரன் அவரிடம் அந்தச் செய்தியை மரியாதையோடு காட்டினார். விமானி தரையிலிருந்து வருகிற உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர். இரண்டு தடவை படித்துப் பார்த்தார். இது விமானத்தில் போகிற எல்லோருக்கும்தானா என்று கேட்டார். எல்லோருக்கும்தான், அவர் போகாமல் விமானம் போகாதே என்றார் கிருபாகரன். விமானி தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, டீச்சருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார்.

மேடமும் அண்ணாச்சியும் மறுபடி வந்தார்கள். மேடம் கடை முன்னால் பார்த்தார். ஒரு ஆள்கூட நிற்கவில்லை. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்து, சந்தோஷமாகப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனசு நிறைந்துபோயிற்று. பல வருஷ சர்வீஸில் பயணிகள் சிரித்து இன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார். கடை அண்ணாச்சியுடையதுதான் என்று எங்கள் எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொன்னார். அண்ணாச்சி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் மேடம் கண்ணில் அந்தத் தொப்பி பட்டது. தொப்பிக்குப் பக்கத்தில் பாதித் தோசையோடு இருந்தவரும் பட்டார். மேடம் குரல் தணிந்தது.

"கேப்டன், நீங்க இங்க இருந்தா விமானத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல மேடம்" என்றார் விமானி. "எனக்கு இன்னும் பொங்கல் வரல."

அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக ஞானசௌந்தரி டீச்சர் சாப்பிட்டு முடித்திருந்தார். இலையை மடித்தார். எழுந்தார். புடவையை உதறிக்கொண்டார். பழைய குரல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்தார்.

"எல்லாரும் இலையை மடிச்சு, கையைக் கழுவிட்டு, ஏறுங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அத்தனை பேரும் எழுந்தார்கள். விமானிதான் முதலில் கை கழுவினார். போகும்போது டீச்சர் கண்ணாடி அருகே நின்று, இசக்கிதுரையைக் கூப்பிட்டு, விமான நிலையத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டுப் போனார். இசக்கிதுரைக்கு அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை.

இறங்கின விமானம் திரும்பக் கிளம்பத் தாமதமானதற்குக் காரணம் என்ன என்று தலைமை அலுவலகத்தில் கேட்டபோது மேடம் மூடுபனி என்று சொல்லிவிட்டார். அன்று கீழ்மணற்குடியில் மொட்டை வெயில். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அந்த அம்மாவுக்கு இல்லாததால் கடை அண்ணாச்சிக்கே நின்றது. ஆப் மட்டும் இருக்கக் கூடாது என்றார். அண்ணாச்சி இன்னும் இரண்டு ஆட்களைப் போட்டு, இட்லிக்குத் தனியாக ஒரு ஜன்னலைத் திறந்தார். வரிசை அன்றோடு தீர்ந்தது.

அன்று சாயந்திரம் அண்ணாச்சி நால்வரையும் கூப்பிட்டார். திட்டவில்லை. சம்சாரம் போனில் இருந்தார்.

"மாப்ள, உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். இனிமே இந்த ஏர்போர்ட் பக்கம் நீங்க தலைவச்சுப் படுக்கக் கூடாது."

உலகம்மை உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார். நால்வரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி மூச்சு விட்டார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்க வந்தால் வாசலில் நால்வரும் நிற்கிறார்கள்.

"சொன்னபடியே செஞ்சுட்டோம் அத்தான்" என்றார் ஆவுடையப்பன். தன் கட்டிலை இரவோடு இரவாகத் திருப்பிப் போட்டாராம். இப்போது கால்தான் ஏர்போர்ட் பக்கம். கிருபாகரன் முந்தின நாள் சாயந்திரமே ஒரு வேலையாக மதுரைக்குப் போய், இரவு ரயிலில் திரும்பியவர். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் எழுந்து தலையை மாற்றிப் படுத்ததில் கண் சிவந்திருந்தது. இசக்கிதுரை வீட்டில் பாயை ஒரே பக்கமாகத்தான் விரிக்க முடியும், அது ஏர்போர்ட் பக்கமாகப் போய்விட்டது. ஆகவே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார்.

உலகம்மைக்குத்தான் வழியே இல்லை. அவர் வீடு ஓடுபாதை மதிலை ஒட்டி, ஒரு மூலைக்குள் இருக்கிறது. எந்தப் பக்கம் தலை வைத்தாலும் ஏர்போர்ட். பாவம், இரவு முழுக்க நின்றுகொண்டிருந்தார். கடை வாசலிலேயே நால்வரும் கவலையோடு கலந்து பேசினார்கள். ஆவுடையப்பன்தான் வழி கண்டுபிடித்தார். ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே படுத்துவிட்டால் அது எந்தப் பக்கமும் இருக்காது. அது உலகம்மைக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே வசதி.

இப்போது நால்வரும் இரண்டாம் கேட் பக்கத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். அக்கா வீட்டிலிருந்து தலையணை வந்திருக்கிறது, அண்ணாச்சியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உள்ளே வருகிற பயணிகள் அவர்கள் குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டு, விமானம் ரொம்பத் தாமதம் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். நேற்று ஹைதராபாத் விமானம் காலியாகத்தான் போனது.